பாலம் எத்தனை விதமாக ஆடும்?

1940 நவம்பர் 7, முற்பகல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டக்கோமா நகரை ஒட்டிய நீரிணையின் மேல் ஒரு தொங்குபாலம் முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. ஒரு பக்கத்து நடைபாதை எதிர்ப்பக்கத்து நடைபாதையைவிட 28 அடி உயரத்துக்கு எழும்புகிறது. இரண்டரை நொடியில் மேலே இருந்தது கீழே போகிறது, கீழே இருந்தது மேலே வருகிறது. ஓட்டி வந்தவர் விட்டுவிட்டுத் தவழ்ந்தே கரைசேர்ந்த கார் ஒன்று பாலத்தின் மேல் நிற்கிறது. அதற்குள் டபி என்ற நாய். அதை மீட்க ஒருவர் பாலத்தின் மேல் நடந்துபோகிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் பெர்ட் ஃபர்க்குவர்சன் அவர்.

அன்று எடுத்த படச்சுருளை இன்றும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் பாலத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அவருடைய கால்களைப் பார்க்கச் சொல்வேன். சாலையின் நடுவே போட்டிருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்கிறார். இரு விளிம்புகளும் பேயாட்டம் ஆடும்போது அந்த நடுக்கோடு மட்டும் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. பயந்துபோயிருந்த நாய் அவர் கையைக் கடித்துவிட்டது. அவர் வெறுங்கையோடு திரும்பினார். பதினொரு மணி தாண்டியதும் பாலத்தின் நடுப்பகுதி நீருக்குள் விழுந்தது. டபியைத் தவிர வேறு உயிர்ச்சேதம் இல்லை.

ஃபர்க்குவர்சன் துணிச்சல்காரர்தான். ஆனால் அந்த நடையில் துணிச்சலைவிடக் கணக்கு அதிகம். பல மாதங்களாக இதே பாலத்தின் மாதிரிகளைத் தன் ஆய்வகத்தில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இத்தனை பெரிய பாலம் கண்டபடி ஆடிவிட முடியாது, இன்னின்ன விதமாகத்தான் ஆட முடியும், இப்போது ஆடுவது அவற்றில் ஒன்று, அந்த ஒன்றில் நடுக்கோடு அசையாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு பொருள் எத்தனை விதமாக அசையலாம் என்ற இந்த எண்ணிக்கையைப் பள்ளிப் பாடநூல் ‘சுதந்திர இயக்கக் கூறுகள்’ என்கிறது. பொறியாளர்கள் பேச்சில் ‘டி.ஓ.எஃப்.’ என்று சுருக்கிவிடுவார்கள். பெயர் நீளமாக இருப்பதால் நாம் இங்கே ‘இயக்கக் கூறு’ என்றே வைத்துக்கொள்வோம்.

*

கூடத்து ஊஞ்சலில் இருந்து தொடங்குவது எளிது. நல்ல கனமான தேக்குப் பலகை, நாலு மூலைக்கும் நாலு சங்கிலி, மேலே உத்திரத்தில் கொக்கிகள்.

முதலில் சங்கிலிகளை மறந்துவிட்டு, பலகை மட்டும் அந்தரத்தில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே, எப்படி இருக்கிறது என்று போனில் ஒருவருக்குச் சொல்ல வேண்டுமானால் எத்தனை எண்கள் தேவை? சுவரில் இருந்து எவ்வளவு தூரம், பக்கச் சுவரில் இருந்து எவ்வளவு, தரையில் இருந்து எவ்வளவு என்று மூன்று. முன்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தட்டாமாலை சுற்றுவதுபோல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று இன்னும் மூன்று. ஆக ஆறு. வளையாத எந்தப் பொருளுக்கும், அம்மிக்குழவியானாலும் விண்கலமானாலும், இதே ஆறுதான்.

இப்போது சங்கிலிகளை மாட்டுங்கள். அவை தளராமல் விறைப்பாக இருக்கும்வரை பலகை தானாக ஏறி இறங்க முடியாது. முன்னே சாய முடியாது. பக்கவாட்டில் சாயவும் முடியாது. மூன்று போயிற்று. மிச்சம் மூன்று: முன்னும் பின்னும் வீசுவது, பக்கவாட்டில் வீசுவது, இடத்திலேயே திருகுவது. சங்கிலி நாலு இருந்தும் மூன்று அசைவுகள்தானே தடைபட்டன என்று கேட்கலாம். நாலாவது சங்கிலி உபரி. நாற்காலியின் நாலாவது கால் மாதிரி, மற்ற மூன்றும் முடிவு செய்துவிட்ட விஷயத்தில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஊஞ்சல்களில் ஒரு சங்கிலி மட்டும் எப்போதும் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பது இதனால்தான்.

இதுவரை எளிய வடிவியல். சிக்கல் இனிமேல்தான். அந்த ஊஞ்சலுக்கு இயக்கக் கூறுகள் மூன்று என்று நான் சொன்னது உண்மையா?

தாத்தா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து காலால் உந்தி ஆடுகிறார். அவருக்கு ஊஞ்சல் முன்னும் பின்னும் மட்டுமே போகிறது. ஒற்றைக் கோணத்தைச் சொன்னால் கதை முடிந்தது, கூறு ஒன்று. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் நின்று எதிரெதிராகத் தள்ளுகிறார்கள் என்றால் மூன்றும் வேண்டும். பத்துப் பேர் ஏறி உட்கார்ந்தால் பலகை விரிசல் விடுமா என்று கேட்கும் தச்சருக்கு மூன்றும் பயன்படாது. பலகை வளைவதுதான் அவருடைய கவலை. வளையும் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே ஏறி இறங்கலாம். அங்கே எண்ணிக்கைக்கு முடிவே இல்லை.

ஆட்டத்தைத் தொடங்குபவர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பலகையில் அரிசி மூட்டையை வைத்தால் ஊஞ்சல் தானாக ஆடத் தொடங்காது. தரையில் கால் எட்டாத பிள்ளையை உட்கார வைத்தால், முழங்காலை மடக்கி நீட்டியே வீச்சைக் கூட்டிக்கொண்டு போய்விடும். மூட்டைக்கு இல்லாத ஒரு கூறு பிள்ளைக்கு இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டக்கோமாவுக்கு அறுபது ஆண்டு கழித்து லண்டனில் ஒரு பாலத்தில் இதே வேறுபாடு வந்து நின்றது.

இத்தனை இயக்கக் கூறுகள் என்பது பொருளின்மேல் எழுதி ஒட்டிய விலைச்சீட்டு கிடையாது. கேள்வி கேட்பவர் எடுக்கும் முடிவு அது. எதை அசையவிடுவது, எதை அசையாது என்று வைத்துக்கொள்வது என்று அவர்தான் தீர்மானிக்கிறார். நான் படித்த பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல், படத்தைக் கொடுத்து ‘எண்ணு’ என்று மட்டும் சொல்லின. அதனால் வெகுநாள் வரை இதை எண்ணும் வேலை என்றே நினைத்திருந்தேன். எண்ணுவது கடைசி வேலை. எதை விட்டுவிடலாம் என்று துணிவதே முதல் வேலை.

அந்தத் துணிவு தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சின்ன உதாரணம் விண்வெளியில் கிடைக்கிறது. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1ஐ ஏவியது. இரண்டு மீட்டர் நீளம், பதினான்கு கிலோ, பென்சில் வடிவம். பென்சிலின் நீள அச்சைச் சுற்றி நிமிடத்துக்கு 750 சுற்று சுழலவிட்டால் துப்பாக்கிக் குண்டுபோல் நிலையாகப் போகும் என்பது கணக்கு. வளையாத பொருளுக்கு, ஆறு கூறுகளோடு, அந்தக் கணக்கு சரியானதே. ஆனால் உடம்பில் இருந்து நாலு கம்பி ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருந்தன, அவை வளையக்கூடியவை. அவை வளைந்து நெளிந்ததில் சுழற்சி ஆற்றல் துளித்துளியாக வெப்பமாகக் கசிந்தது. ஆற்றல் குறைந்தாலும் சுழற்சி உந்தம் குறைய வழியில்லை. இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற அந்தப் பென்சிலுக்குத் தெரிந்த ஒரே வழி, நீளவாக்கில் சுழல்வதை விட்டுவிட்டு விசிறிபோலக் குறுக்காகச் சுழல்வது. சில மணி நேரத்துக்குள் அப்படியே ஆயிற்று. கணக்கில் சேர்க்காத நாலு கம்பிகள் ஒரு செயற்கைக்கோளையே படுக்கப் போட்டுவிட்டன.

*

டக்கோமாவுக்குத் திரும்புவோம். அந்தப் பாலத்தின் நடு இடைவெளி 2,800 அடி, அகலம் 39 அடி. அதாவது நீளத்தில் 72இல் ஒரு பங்கு அகலம். தொங்குபாலங்களில் அதுவரை காணாத ஒல்லி. மாநிலப் பொறியாளர்களின் முதல் திட்டத்தில் தளத்தைத் தாங்க 25 அடி உயரச் சட்டகம் இருந்தது. பெயர்பெற்ற பால வல்லுநர் லியோன் மொய்சீஃப் அதை எடுத்துவிட்டு 8 அடி உயரத் தகட்டு உத்திரங்களை வைத்தார். பாலம் பார்க்க அழகானது, செலவும் பெருமளவு குறைந்தது. மொய்சீஃப் காற்றை மறந்துவிடவில்லை. காற்று பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளும், பாலம் வில்லாக வளையும், அந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தளமும் மறுபகுதியை வடங்களும் பங்கிட்டுக்கொள்ளும் என்று நுட்பமாகவே கணித்திருந்தார். அவருடைய கணக்கில் காற்றுக்கு எதிரே பாலத்துக்கு ஒரே வகை அசைவுதான் உண்டு, பக்கவாட்டு வளைவு. அந்த வளைவில் பாலம் சிறிதும் தவறு செய்யவில்லை.

தவறு மேலும் கீழுமாக வந்தது. ஜூலை 1 அன்று திறந்ததில் இருந்தே தளம் அலையலையாக ஏறி இறங்கியது. முன்னால் போகும் கார் அலைப்பள்ளத்தில் மறைந்து மீண்டும் தலைகாட்டும் என்பார்கள். ஊரார் பாலத்துக்கு ‘கேலப்பிங் கெர்ட்டி’, குதித்தோடும் கெர்ட்டி, என்று செல்லப்பெயர் வைத்து, வேடிக்கைக்காகவே காசு கொடுத்து ஏறினார்கள். பொறியாளர்களும் சங்கடப்பட்டார்களே தவிர அஞ்சவில்லை. இந்த ஆட்டத்தை எப்படித் தணிப்பது என்று பார்க்கத்தான் ஃபர்க்குவர்சனிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

அவர் இரண்டு மாதிரிகள் செய்தார். ஒன்று, 200இல் ஒரு பங்கு அளவில் முழுப் பாலம். இன்னொன்று, பாலத்தளத்தில் இருந்து ஒரு துண்டை மட்டும் நறுக்கியதுபோல, 20இல் ஒரு பங்கு அளவில். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்தது. துண்டு மாதிரியைச் சுருள்வில்களில் தொங்கவிட்டுக் காற்றில் வைப்பார்கள். அதற்கு இரண்டே இயக்கக் கூறுகள்: மேலும் கீழும் போகலாம்; நீள அச்சைச் சுற்றி முறுக்கலாம். வடம், கோபுரம், 2,800 அடி நீளம் எல்லாவற்றையும் துடைத்தெறிந்த இந்த இரண்டு கூறுச் சுருக்கம், காற்றோடு பாலத்துக்கு இருக்கும் உறவைப் பற்றி முழுப் பாலத்தைவிடத் தெளிவாகப் பேசியது. இன்றும் உலகில் எந்த நீள்பாலம் கட்டினாலும் முதலில் இதுபோன்ற துண்டு மாதிரியைத்தான் காற்றுச்சுரங்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 7 காலையில் நடந்ததை இந்த இரண்டு கூறுகளின் மொழியில் சொல்லிவிடலாம். காற்று மணிக்கு 42 மைல். முதலில் வழக்கம்போல் மேல்கீழ் அலை, நிமிடத்துக்கு 38 முறை. பத்து மணியளவில், வடக்கு வடத்தைப் பாலத்தின் நடுவில் பிடித்திருந்த பட்டை வழுக்கியது. பட்டை பிடித்திருந்தவரை வடமும் தளமும் ஒன்றையொன்று இழுத்து நிறுத்தி, முறுக்கலுக்கு இடம் கொடுக்கவில்லை. அது நழுவியதும், அதுவரை பூட்டிக் கிடந்த ஒரு கூறு திறந்துகொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் அலை போய் முறுக்கல் வந்தது. நிமிடத்துக்கு 38 இருந்தது 12க்கும் 14க்கும் இடையே இறங்கியது. பாலத்தின் ஒரு பாதி இடப்பக்கம் சாய, மறுபாதி வலப்பக்கம் சாய்ந்தது. நட்ட நடுவில் ஒரு கணு, நீளவாக்கில் நடுக்கோடு. இவை மட்டும் அசையவில்லை. நாயைத் தேடிப்போனவர் காலடி வைத்தது அந்தக் கோட்டின் மேல்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றின் துடிப்பும் பாலத்தின் இயல் அதிர்வெண்ணும் ஒன்றாகப் பொருந்தியதால் வந்த ஒத்ததிர்வு என்றே பல இயற்பியல் நூல்கள் இதை எழுதிவந்தன. 1991இல் பில்லா, ஸ்கேன்லன் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. அந்த வேகக் காற்று அந்த அளவுத் தளத்தின் பின்னால் உதிர்க்கும் சுழல்கள் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று. பாலம் முறுக்கியதோ ஐந்து நொடிக்கு ஒருமுறை. இரண்டுக்கும் ஒட்டே இல்லை. பாலத்துக்குத் தாளம் போட்டவர் வெளியில் யாரும் இல்லை. தளம் முறுக்கும்போது அதன் விளிம்பில் தானே உண்டாக்கிய சுழல்கள், அதே முறுக்கலுக்கே இன்னும் கொஞ்சம் உந்து கொடுத்தன. வழக்கமாக அசைவைத் தணிக்கும் உராய்வு இங்கே தலைகீழாகி, அசைய அசைய ஊட்டியது. இதற்கு முறுக்கல் என்ற ஒரே கூறு போதும். விமானச் சிறகுகளில் மேல்கீழ் அசைவும் முறுக்கலும் கைகோத்துக்கொண்டு செய்யும் நாசத்தை இந்தப் பாலம் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டது.

*

இனி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று பார்ப்போம். இரு முனையிலும் இழுத்துக் கட்டிய கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள், வீணைத் தந்தி மாதிரி. அதற்கு எண்ணற்ற புள்ளிகள், எனவே எண்ணற்ற கூறுகள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர்கள் இதை மணிமாலையாக்கினார்கள். கம்பியின் எடையை ஆங்காங்கே மணிகளாகத் திரட்டி, இடையில் எடையற்ற நூல் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு கூறு. டேனியல் பெர்னூலி தொங்கும் சங்கிலியை இப்படித்தான் அணுகினார். பின்னால் லக்ராஞ்சு இதை ஒரு பொதுமுறையாக்கி 1788இல் பெரிய நூலாகவே எழுதினார். இயந்திரவியலைப் பற்றிய அந்த நூலில் ஒரு படம்கூடக் கிடையாது என்று முன்னுரையிலேயே பெருமைப்பட்டுக்கொண்டவர் அவர். படமே இல்லாமல் ஊஞ்சலை விளக்குவது அவரால்தான் ஆகும்.

ஒரே ஒரு மணியை நடுவில் வைத்துக் கணக்கிட்டால், அடிப்படை அதிர்வெண் உண்மையைவிட 10 சதவீதம் குறைவாக வரும். இவ்வளவு முரட்டுத்தனமான எளிமைக்கு இது பரவாயில்லை. இரண்டு மணி வைத்தால் பிழை நாலரை சதவீதம். மூன்று வைத்தால் இரண்டரை. ஒன்பது மணி வைத்தால் அரை சதவீதத்துக்கும் குறைவு. கேட்கும்போது நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் ஒன்பது மணி மாலைக்கு ஒன்பது அதிர்வு முறைகள் உண்டு. முதலாவதை அரை சதவீதத்துக்குள் சொன்ன அதே மாலை, ஐந்தாவதில் 10 சதவீதம் தவறுகிறது. ஒன்பதாவதில் 30 சதவீதம். ஏனென்றால் ஒன்பதாவது முறையில் பக்கத்துப் பக்கத்து மணிகள் எதிரெதிராகத் துள்ளுகின்றன. அந்தத் துள்ளலுக்கும் கம்பிக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. நாம் மணியை எங்கே வைத்தோம் என்பதைத்தான் அது நமக்கே திருப்பிச் சொல்கிறது. கணினியில் எவ்வளவு பெரிய மாதிரியைக் கட்டினாலும் இந்தக் குணம் கூடவே வரும். மாதிரி தரும் அதிர்வு முறைகளில் மேல்வரிசையில் இருப்பவை மாதிரிக்குச் சொந்தம், கட்டடத்துக்கு அல்ல. அனுபவசாலிகள் கீழே உள்ள சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கட்டடங்களுக்கு மணிமாலை இன்னும் இயல்பாகப் பொருந்தும். அடுக்குமாடியில் எடையெல்லாம் தளங்களில் குவிந்திருக்கிறது, தூண்கள் நூல்போல். தளத்துக்கு ஒரு கூறு வைத்தால் பத்து மாடிக்குப் பத்து. நிலநடுக்கத்தில் பெரும்பாலும் அவற்றில் முதல் ஓரிரண்டு முறைகளே விழித்துக்கொள்கின்றன. அவசரத்துக்குப் பொறியாளர்கள் மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்து, அதுதான் கட்டடம் ஒருமுறை ஆடிவர ஆகும் நொடி என்பார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் அதிகம் விழுந்தவை குட்டை வீடுகளும் அல்ல, மிக உயர்ந்த கோபுரங்களும் அல்ல. ஆறு முதல் பதினைந்து மாடி வரை இருந்தவை. நிலநடுக்கம் தொடங்கிய இடம் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். நகரின் அந்தப் பகுதியோ பழைய ஏரிப்படுகை. சேறு கெட்டித்த மெத்தை. அந்த மெத்தைக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடும் இயல்பு. கட்டடத்தின் பத்து மணிகளுக்குக் கீழே, யாரும் மாலையில் கோக்காத பதினோராவது மணியாக அந்த மண் இருந்தது. ஆடி விரிசல் விட்டுத் தளர்ந்த நடுத்தரக் கட்டடங்கள் மெல்ல மெல்ல அதே இரண்டு நொடியை நோக்கிப் போய்ச் சேர்ந்துகொண்டன.

1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எண்ணிக்கை வெடித்தது. போயிங் நிறுவனத்தில் சிறகுகளின் விறைப்பைக் கணிக்க எழுந்த தேவையில் பிறந்தது அது. சிறகைச் சிறு சிறு முக்கோணங்களாக வெட்டி, முக்கோணங்களின் முனைகளில் மட்டும் அசைவை எண்ணினார்கள். 1960இல் கிளஃப் அதற்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று பெயர் வைத்தார். இன்று சாதாரண மடிக்கணினியில் ஒரு லட்சம் முனைகள், முனைக்கு ஆறு கூறுகள், ஆக ஆறு லட்சம் என்று வைத்து மதிய உணவுக்குள் விடை வாங்கிவிடலாம். திரையில் வண்ண வண்ணமாகக் கட்டடம் நெளியும். அந்த வண்ணத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஆறு லட்சம் எண்கள் இருந்தும், தூண் அடித்தளத்தோடு சேரும் இடத்தை ‘அசையாது’ என்று ஒரு சொடுக்கில் பூட்டியிருந்தால், அந்த ஒரு சொடுக்கு ஆறு லட்சத்தையும்விடக் கனமானது.

*

லண்டனில் தேம்ஸ் நதிமேல் கட்டிய மில்லேனியம் நடைபாலத்தை வடிவமைத்தவர்களுக்குக் கணினி இருந்தது, அனுபவம் இருந்தது, டக்கோமாவின் பாடமும் இருந்தது. காற்றுக்கு எல்லாம் பார்த்தார்கள். நடப்பவர்கள் பாதம் நொடிக்கு இரண்டு முறை தரையை அழுத்தும் என்பதால் மேல்கீழ் அசைவையும் பார்த்தார்கள். பாலம் பக்கவாட்டில் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதும் மாதிரியில் இருந்தது: நடு இடைவெளியான 144 மீட்டரில் ஏறக்குறைய அரை ஹெர்ட்ஸும் ஒரு ஹெர்ட்ஸும், தென் இடைவெளியான 108 மீட்டரில் 0.8 ஹெர்ட்ஸ்.

2000 ஜூன் 10 அன்று பாலம் திறந்தது. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் வரை அதன்மேல் இருந்தார்கள். பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நடுவில் ஏழு சென்டிமீட்டர் வரை. மக்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கப்பல் தளத்தில் நடப்பதுபோல் காலை அகட்டி அகட்டி நடந்தார்கள். இரண்டு நாளில் மூடிவிட்டார்கள்.

மாதிரியில் பாலத்துக்கு வேண்டிய கூறுகள் எல்லாம் இருந்தன. மனிதர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. அவர்கள் அரிசி மூட்டைகளாக, அல்லது தரையைத் தாளம் தவறாமல் தட்டும் கருவிகளாக, கணக்கில் இருந்தார்கள். உண்மையில் ஒவ்வொருவரும் தலைகீழ் ஊசல். கால்கள் மாறி மாறி ஊன்றும்போது உடம்பு இடமும் வலமும் சாய்கிறது. தரை நகர்ந்தால் விழாமல் இருக்க அடுத்த காலைச் சற்றுத் தள்ளி வைக்கிறோம். அப்படித் தள்ளி வைப்பது, பாலம் போகும் திசையிலேயே பாலத்தை உந்துகிறது. பாலத்தின் வேகம் கூடக்கூட உந்துவதும் கூடுகிறது. டக்கோமாவில் காற்றுச் சுழல்கள் செய்த வேலையை இங்கே செருப்புக் கால்கள் செய்தன.

மூடிய பாலத்தின் மேல் ஆட்களை நடக்கவிட்டுப் பொறியாளர்கள் சோதித்தார்கள். 156 பேர் நடந்தவரை பாலம் சொன்னபடி கேட்டது. இன்னும் பத்துப் பேர் சேர்ந்து 166 ஆனதும் ஆட்டம் மளமளவென்று ஏறியது. எல்லாரும் ஒரே தாளத்தில் காலெடுத்து வைத்ததால்தான் ஆடியது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். தாளம் சேருமுன்பே பாலம் ஆடத் தொடங்கிவிடலாம், தாளம் சேர்வது அதன் பின்விளைவு என்று 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி தடுமாறாமல் நடந்தாலே போதுமாம். எனக்கு இந்த விளக்கம்தான் நியாயமாகப் படுகிறது. லண்டன்வாசிகள் அவ்வளவு ஒழுங்காக அணிவகுப்பார்கள் என்று நம்பக் கடினம்.

சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. பாலத்தை விறைப்பாக்கலாம், ஆனால் தோற்றம் கெட்டுவிடும். மற்ற வழியைத் தேர்ந்தார்கள். அசைவை உறிஞ்ச 37 பாகுநிலைத் தணிப்பான்கள் வைத்தார்கள். கூடவே, சுருள்வில்லில் கட்டிய எடைகள் ஐம்பதுக்கும் மேல், தளத்துக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல். ஐம்பது லட்சம் பவுண்டு செலவில் பாலம் 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. இப்போது ஆடுவதில்லை.

சுருள்வில்லில் கட்டிய எடை என்பது வேறென்ன? பாலத்துக்கு வேண்டுமென்றே கொடுத்த கூடுதல் இயக்கக் கூறு. 1909இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபிராம் காப்புரிமை கேட்ட யோசனை இது. ஆடும் பெரிய பொருளோடு, அதே அதிர்வெண்ணில் ஆடும் சிறிய பொருள் ஒன்றைக் கட்டிவிடுங்கள். இருந்த ஒரே அதிர்வெண் மறைந்து, அதன் இருபுறமும் இரண்டு முளைக்கும். பழைய தாளத்தில் யாராவது தட்டினால் பெரியது ஏறக்குறைய சும்மா இருக்கும். சிறியது அதற்காக ஆடித் தீர்க்கும். அதோடு கொஞ்சம் உராய்வையும் சேர்த்தால் ஆற்றல் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். தைவானின் தைபே 101 கோபுரத்தில் 660 டன் எஃகுக் கோளம் இதற்காகவே தொங்குகிறது. பார்வையாளர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே வேலையைச் செய்யும் சின்னக் கருவிகள் நம் ஊர் வயல்களின் மேலும் தொங்குகின்றன. உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்துக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி, கர்லாக்கட்டையைப் படுக்கப் போட்டதுபோல் ஒன்று கம்பிக்குக் கீழே மாட்டியிருக்கும். சீரான மெல்லிய காற்றில் கம்பி நொடிக்குப் பல முறை துடித்து, கவ்வியின் ஓரத்தில் இழை இழையாக அறுந்துபோகும். அதைத் தடுக்க 1920களில் கலிஃபோர்னியாவின் மின் நிறுவனப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்தது. சின்ன எஃகு வடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு குண்டு. ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கலாம், தலையசைப்பதுபோல் சாயவும் செய்யலாம். ஆகக் கூறுகள் நாலு. இரண்டு குண்டும் ஒரே மாதிரி இருந்தால் நாலு கூறுக்கும் இரண்டே அதிர்வெண்கள்தான் கிடைக்கும். காற்றின் வேகம் மாறமாறக் கம்பியின் துடிப்பும் மாறும் என்பதால், நாலும் வேறு வேறாக இருந்தால்தான் நல்லது. பல கம்பிகளில் ஒரு பக்கத்துக் குண்டு மறுபக்கத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பது அதற்காகத்தான்.